காலையில் கிளம்ப மறுத்த கணனி

(தோட்டப் படிப்பகத்தில் ஞாயிறு பின்னேரம் நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் கணனி திருத்தும் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம்.)



நான் பேச்சாளன் இல்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற கை இது, மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஸ்டோரில் ரோலர் பக்கம் நின்றார். ஆகவே புரியாத பாஷையில் பேசினால் யாராவது எழும்பி, "தம்பி, நம்ம பாஷையில சொல்லு" என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தப் படிப்பகத்துக் கணனியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதோ மேசையில் இருக்கிறது. சப்பாத்துப் பெட்டி ரெண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உருவம். கொழும்பில் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துவிட்டதை, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து வாங்கினீர்கள். இதில்தான் பிள்ளைகள் ஏ.எல். பாடம் பார்த்தார்கள், கெம்பஸ் விண்ணப்பம் நிரப்பினார்கள். 2020, 2021இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது, போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகள் இங்கேயும் இருப்பார்கள். அந்தக் கஷ்டத்துக்குப் பிறகுதான் இந்தப் பெட்டி வேண்டும் என்று முடிவெடுத்ததாகச் சொன்னார்கள்.

அப்பேர்ப்பட்ட கணனி போன வருசத்திலிருந்து கிளம்ப மறுத்தது. ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தால்கூட வேலை சுலபம். இது சாகவும் இல்லை, சரியாக எழும்பவும் இல்லை. பட்டனை அமுக்கினால் லைட் ஒருதரம் மினுக்கும், உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றும், நின்றுவிடும். திரும்ப அமுக்கு. திரும்ப மினுக்கும். பத்துத் தரம், இருபது தரம். திடீரென்று ஒருதரம் பிடித்துக்கொண்டு கிளம்பும். கிளம்பிவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

ஏன் இப்படி என்று கேட்டபோது எல்லார் வாயிலும் ஒரே பதில்தான் வந்தது. "மின்னல் அடிச்சிருச்சு." காரணமும் சொன்னார்கள். ஏப்ரல் மாதம் பெரிய இடி விழுந்து மேல் லயத்தில் ரெண்டு டீவி போனது. அதற்குப் பிறகுதான் கணனியும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். கடைசியில் அது தப்பு என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் இந்தப் பெட்டி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் இதை டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கடைப் பெயர் வேண்டாம். பகல் பஸ்சில் போய், ரெண்டு மணிக்குக் கடையில் வைத்து அமுக்கினால், முதல் அமுக்கிலேயே கிளம்பிவிட்டது! கொண்டு போனவருக்கு வெட்கம். கடைக்காரர் என்ன செய்வார்? கண்ணுக்கு முன்னால் ஓடுகிற பெட்டியில் கரண்ட் பிழை என்று எப்படி நினைப்பார்? "விண்டோஸ்தான் பிழை, பழசை அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுத் தாறேன்" என்று 4,500 ரூபா வாங்கிக்கொண்டு அப்படியே செய்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே மக்கர். ஜனவரியில் இரண்டாவது கடை. இந்தத் தடவை முதல் பஸ்சில், பனியோடு பனியாகக் கொண்டு போனார்கள். அங்கே கிளம்பவே இல்லை. "மதர்போர்ட் போயிருச்சு, 18,000 ஆகும்" என்றார்கள். 2024இல் சம்பளச் சபை 1,350 ரூபா நாட்சம்பளம் என்று தீர்மானித்ததே, அந்தக் கணக்குப்படி பாருங்கள். பதினெட்டாயிரம் என்றால் எத்தனை பேர்? பதிமூன்று பேருக்கு மேலே. பதிமூன்று நாள் அட்டைக்கடியோடு மலையில் நின்று எடுக்கிற கொழுந்து. அப்போதுதான் செயலாளர் அண்ணன் எனக்கு போன் எடுத்தார்.

சரி, பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது? பலபேர் நினைப்பது, வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி கரண்டை அது திறந்து விடுகிறது என்று. அப்படி இல்லைங்க. நம்ம சுவரில் வருவது 230 வோல்ட். கணனிக்கு உள்ளே வேலைக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் மாத்திரம். பெரியதைச் சின்னதாக்கித் தருவதற்குப் பெட்டிக்குள் ஒரு தகரக் கூடு இருக்கும். பின்பக்கம் வயர் செருகுகிறோமே, அது இருக்கிற பகுதி. அதைப் பவர் சப்ளை என்பார்கள், பாடப் புத்தகத்தில் வலு வழங்கி என்று இருக்கும். பிளக்கைச் செருகியவுடனேயே, பட்டனைத் தொடாமலே, அந்தத் தகரக் கூட்டில் ஒரு சின்னப் பகுதி விழித்துக்கொண்டு 5 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். ராக்காவல்காரர் மாதிரி என்று வையுங்கள். எல்லாரும் தூங்கும்போது அவர் மட்டும் முழித்திருப்பார். நாம் பட்டனை அமுக்குவது அவர் காதில் ஒரு சொல் சொல்வது மாதிரி. அவர்தான் மற்றவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும். காவல்காரருக்கே சீக்கு என்றால்? ரெண்டு கதவைத் தட்டுவதற்குள் விழுந்துவிடுவார். லைட் மினுக்கி அணைவது அதுதான்.

ஆனால் எடுத்த எடுப்பில் தகரக் கூட்டின்மேல் பழி போடக் கூடாது. வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். காசு செலவில்லாத சோதனைகள் எல்லாம் வெளியில்தான் இருக்கின்றன.

ஒன்றும் எரியவில்லை, சத்தமே இல்லை என்றால், முதலில் அதே பிளக் ஓட்டையில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். போன மாதம் ஒரு வீட்டுக்கு ஆறு மைல் போய் நான் செய்த வேலை, ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளிவிட்டது மட்டும்தான். அவர் கட்டாயப்படுத்திச் சோறு போட்டு அனுப்பினார், அது வேறு விசயம். சதுரக் கால் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அதை யாராவது துடைக்கும்போது தட்டிவிட்டிருக்கலாம். கணனி வயரும், ஸ்கிரீனுக்குப் போகிற கரண்ட் வயரும் அநேகமாக ஒரே மாதிரி. மாற்றிப் போட்டுப் பார்த்தால் வயர் பிழையா இல்லையா என்று ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும்.

யூ.பி.எஸ். வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பெட்டரிக்கு மூன்று முதல் ஐந்து வருசம்தான் ஆயுசு. பெட்டரி செத்த யூ.பி.எஸ். கணனி கிளம்புகிற அந்த ஒரு நொடியில் கையை விரித்துவிடும். நாம் கணனியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வோல்ட்டும் பார்க்க வேண்டும். சட்டப்படி 230க்கு மேலே கீழே நூற்றுக்கு 6தான் விலகலாம், அதாவது 216இலிருந்து 244 வரை. ஆனால் நீண்ட வயரின் கடைசி லயத்தில், சாயந்திரம் எல்லா வீட்டிலும் கேத்தலும் அயன் பொக்சும் போடுகிற நேரத்தில் லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் மட்டும் கணனி மக்கர் பண்ணினால் பெட்டியில் குற்றம் இல்லை, லைனில் இருக்கிறது. நம்ம படிப்பகத்தில் அது பிரச்சினை இல்லை. இங்கே குளிர்ந்த காலையில்தான் மக்கர், அந்த நேரத்தில் வோல்ட் நல்லாவே இருந்தது.

அடுத்தது, பின்னால் முன்னால் குத்தியிருக்கிற பென் டிரைவ், பிரின்டர் வயர், கீபோர்ட், மௌஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அமுக்க வேண்டும். யூ.எஸ்.பி. ஓட்டையில் நெளிந்த ஒரு தகடு போதும், முழுப் பெட்டியையும் கிளம்பவிடாது. பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து முழுக்கப் பிடுங்கிவிட்டு, பட்டனை ஒரு அரை நிமிசம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கிற மிச்ச மின்சாரம் இறங்கும். திரும்பச் செருகி அமுக்கினால் சில பெட்டிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பும். பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

இவ்வளவும் அம்மாமாரும் செய்யலாம். இதற்குப் பிறகு மூடியைக் கழற்ற வேண்டும். அதைக் கொஞ்சம் பழகிய தம்பி தங்கச்சிமார் செய்யட்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகு மட்டும். மூடியைக் கழற்றினால் முதலில் தெரிவது தூசி. இந்தப் பெட்டிக்குள் நான் கண்டது தூசி மட்டும் இல்லை, பல்லி முட்டை ரெண்டு. (சிரிப்பு.) மெல்லிய பிரசால் தட்டி எடுக்க வேண்டும், ஈரத் துணி ஆகாது. ரேம் என்று ஒரு நீட்டுப் பலகை நிற்கும், சாப்பாட்டு மேசைக் கத்தி அளவு. ரெண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளினால் கழன்று வரும். அதன் அடியில் மஞ்சள் பல்வரிசை இருக்கும். மழை நாட்டில் அதில் ஒரு கறை படியும். பிள்ளைகளின் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிப் டக்கென்று விழும்வரை திரும்ப அமுக்க வேண்டும். விசிறி நன்றாகச் சுற்றுது, ஆனால் ஸ்கிரீனில் ஒன்றும் வரல்ல என்கிற கேசில் பாதி இதிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். அதே பலகையில் சல்லிக்காசு மாதிரி ஒரு பெட்டரி, சீ.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். ஒவ்வொரு நாளும் கணனியின் திகதி பின்னால் போய் நின்றால் அதை மாற்றுங்கள். டவுன் மணிக்கூட்டுக் கடைகளிலேயே கிடைக்கும்.

இதெல்லாம் நான் இந்தப் பெட்டிக்கும் செய்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு வந்து செய்தேன். என்ன நடந்தது? ஒரே அமுக்கில் கிளம்பியது. நான் திருத்திவிட்டேன் என்று நினைத்து, பிளேன்டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். "தம்பி, திரும்பவும் அதே மாதிரி."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இந்த நோயாளிக்குக் காலையில்தான் காய்ச்சல். டாக்டர் பின்னேரம் வந்தால் என்ன தெரியும்? முதல் கடை ஏமாந்ததும் அப்படித்தான். நானும் அதே குழியில்தான் விழுந்திருந்தேன். ஆகவே அடுத்த சனிக்கிழமை இங்கேயே வந்து, இந்த வாங்கில் படுத்து, விடிய ஐந்தரைக்கு எழும்பினேன். வெளியே புல்லெல்லாம் வெள்ளை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிப்பகத்தைத் திறந்து மூடுகிற தாத்தா இருக்கிறாரே, அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தா, ராத்திரியில பிளக்கைப் புடுங்கிருவீங்களா?" "ஆமா தம்பி, அந்த இடி விழுந்த நாள்ல இருந்து ஒருநாள் தவறாமப் புடுங்கிருவேன்." "அதுக்கு முன்னாடி?" "அதுக்கு முன்னாடி அது பாட்டுக்குக் கிடக்கும்."

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. இடி விழுந்தது ஏப்ரலில். அன்றைக்கே பிளக் பிடுங்குகிற பழக்கமும் தொடங்கியது. ஜூன், ஜூலைக் காற்று மழையில் ரெண்டு மூன்று தரம் அமுக்க வேண்டி வந்தது. மார்கழியில் பத்துத் தரம். தையில் பத்து மணி வெயில் வரும்வரை எழும்பவே இல்லை. மின்னல் அடித்த பெட்டி இப்படிப் படிப்படியாக மோசமாகாது. மின்னலைவிட, மின்னலுக்குப் பயந்து நாம் செய்த காரியத்தோடுதான் இதற்குச் சம்பந்தம். ராத்திரி முழுக்கக் கரண்ட் இருந்தபோது ராக்காவல்காரர் கொஞ்சம் சூட்டோடு இருந்தார். பிடுங்கி வைத்ததும் அவர் விடியவிடியக் குளிரில் கிடந்தார். சீக்கு ஏற்கெனவே இருந்தது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது.

என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. பெரிய விலை இல்லை. தகரக் கூட்டிலிருந்து மதர்போர்ட்டுக்குப் போகிற பெரிய பிளக்கில் ஊதா நிற வயர் ஒன்று இருந்தது, அதுதான் அந்த 5 வோல்ட். கறுப்பு வயர் திரும்பி வருகிற வழி. ரெண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருந்தால்தான் சரி. அந்தக் காலையில் காட்டியது 3.9. அதுவும் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. பட்டனை அமுக்கியதும் இன்னும் விழுந்தது. பிளக்கைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, அம்மா ஒருவர் கொண்டு வந்த ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். 4.8. அமுக்கினேன், கிளம்பியது. மதர்போர்ட்டில் ஒரு குற்றமும் இல்லை.

இடையில் ஒரு பெரியவர் கேட்டார், குளிருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. நல்ல கேள்வி. தகரக் கூட்டுக்குள் சின்னச் சின்ன டப்பா மாதிரி உருளைகள் இருக்கும். கப்பாசிட்டர் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி. பீலியிலிருந்து தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று வையுங்கள். கீழே ஒரு தொட்டி வைத்தால், தொட்டியிலிருந்து ஒரே சீராகத் திறந்து விடலாம். கரண்டுக்கு அந்தத் தொட்டிதான் இந்த உருளை. உள்ளே ரெண்டு அலுமினியத் தகட்டையும் நடுவில் ஒரு கடதாசியையும் பீடி மாதிரிச் சுருட்டி, ஒருவகைத் திரவத்தில் ஊற வைத்திருப்பார்கள். வருசம் போகப் போக அந்தத் திரவம் காய்ந்துகொண்டு வரும். காய்ந்த உருளை, வாய் அடைத்த தொட்டி மாதிரி. தண்ணீர் இருந்தாலும் வேண்டிய நேரத்தில் வேண்டிய வேகத்தில் வராது. மிச்சம் இருக்கிற கொஞ்சத் திரவமும் குளிரில் இன்னும் மந்தமாகிவிடும். நம்ம வீட்டில் தேங்காயெண்ணெய் காலையில் போத்தலில் கட்டியாக நிற்கிறதே, அடுப்புப் பக்கம் வைத்தால்தானே ஓடுகிறது? இதுவும் கிட்டத்தட்ட அந்த மாதிரி. முழுக்க அதே இல்லை, ஆனால் மனதில் வைத்துக்கொள்ள அது போதும்.

சூடும் அதற்குப் பகைதான். பத்துப் பாகை கூடச் சூடாக வேலை செய்தால் அந்த உருளையின் ஆயுசு பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடுகிற கணக்கு. தூசி அடைத்து, சுவரோடு ஒட்டி வைத்து, மேலே துணி போர்த்திய கணனிக்குத்தான் இந்தச் சீக்கு முந்தி வரும். தூசிக்குப் பயந்து போர்த்துவது நல்லதுதான், ஓடும்போது கழற்றிவிட வேண்டும். 1999இலிருந்து 2007 வரை உலகம் முழுக்க மட்டமான திரவம் போட்ட உருளைகள் சந்தைக்கு வந்து, லட்சக்கணக்கான கணனிகள் அற்ப ஆயுசில் போயின. பழைய பெட்டி யாராவது இலவசமாகத் தந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். உருளைகளின் தலை தட்டையாக இருந்தால் நல்லது. வயிறு ஊதின மாதிரிப் புடைத்தோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஒரு விசயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். தகரக் கூட்டைத் திறக்கக் கூடாது. மூடியைக் கழற்றி ரேமைத் தொடுவது வேறு, அந்தக் கூட்டின் ஸ்குரூவைக் கழற்றுவது வேறு. அதற்குள் இருக்கும் பெரிய உருளையில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆளைத் தூக்கி அடிக்கும். மீட்டர் வைக்கிறேன், வயரைக் குத்துகிறேன் என்று படம் பார்த்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். நான் இந்தப் பெட்டியின் கூட்டைத் திறக்கவில்லை. முழுசாகக் கழற்றி, அதே அளவில் பாவித்த ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். பஸ் பார்சல் உட்பட 3,500 ரூபா. ரெண்டரைப் பேருக்குக் கொஞ்சம் மேலே.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெரிய கணனிக்குள்ள கூடு சின்னப் பெட்டிக்குள் நுழையாது. சின்னப் பெட்டிகளுக்குக் கொம்பனிக்குக் கொம்பனி உருவமும் பிளக்கும் மாறும், வயர் நிறம்கூட மாறலாம். ஆகவே பழசின் மேல் ஒட்டியிருக்கிற லேபலை போனில் படம் எடுத்து, பிளக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, கடைக்கு அனுப்பிக் கேட்ட பிறகு காசு கட்டுங்கள். இப்போது லெப்டொப் மாதிரி வெளியே கறுப்புக் கட்டி வைத்த இன்னும் குட்டிக் கணனிகளும் வருகின்றன. அவற்றில் இந்தச் சீக்கு வந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டியை மாற்றினாலே போதும். வோல்ட் அதேதானா, அம்பியர் பழசைவிடக் குறையவில்லையா என்று பார்த்தால் சரி.

புதுக் கூடு போட்ட மறுநாள் விடிய ஐந்தரைக்கு, ராத்திரி முழுக்கப் பிளக் பிடுங்கி வைத்திருந்த பெட்டியைத் தாத்தாவே அமுக்கினார். ஒரே அமுக்கு. தாத்தா என்னைப் பார்த்து, "இதுக்குத்தானா தம்பி இவ்வளவு கூத்து?" என்றார்.

தாத்தா பிளக் பிடுங்குவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர் செய்வதுதான் சரி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி நமக்குப் புதுசு இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போதும் ஒரு உதை உதைக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்தக் காலத்தில் எனக்கு வந்த வேலைகளில் பெரும்பகுதி பவர் சப்ளைதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றைக்கும் அப்படித்தான். கரண்ட் போனால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வந்து லைட் ஒரு பத்து நிமிசம் ஆடாமல் எரிந்த பிறகு போடுங்கள்.

இப்போது நான் முதலில் தள்ளிவைத்த விசயத்துக்கு வருகிறேன். முதல் கடையில் அழித்தார்களே, உள்ளே என்ன இருந்தது?

செயலாளர் அண்ணனும் ரெண்டு தங்கச்சிமாரும் ஒரு வருசமாக வீடு வீடாகப் போய், அறுபத்து நாலு குடும்பத்தின் கடதாசிகளைப் படம் எடுத்து அதில் போட்டு வைத்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ், ஈ.பி.எப். கடிதம். ஏன் அந்த வேலை என்று இங்கே நான் விளக்கத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, செக்ரோலில் மூன்றாவது பெயர் என்று இருந்ததால், முப்பது வருசம் உழைத்த காசை வாங்க முடியாமல் அலைந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கடதாசி இல்லை என்று சொல்லித்தான் 1948இல் நம்ம தாத்தா பாட்டிமாரின் குடியுரிமையே போனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்த இழுபறி ஓயவில்லை. அதனால்தான் பிள்ளைகள் அவ்வளவு அக்கறையாக அதைச் சேர்த்தார்கள்.

விண்டோஸ் பிழைக்கும் பட்டன் அமுக்கிக் கிளம்பாததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லைட் மினுக்கி அணைகிற நேரத்தில் விண்டோஸ் இன்னும் படுக்கையை விட்டே எழும்பியிருக்காது. அதைத் தெரியாமல் அழிக்கக் கொடுத்தோம். நான் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மீட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. வந்த படங்களிலும் சில, மேல் பாதி மட்டும் தெரிகிறது. அநேகம் பேர் வீட்டில் மூலப் பத்திரம் இருக்கிறது, திரும்ப எடுக்கலாம். ஐந்தாம் நம்பர் லயத்து அம்மா ஒருவருக்கு மட்டும், கூரை ஒழுகி அந்த ஈ.பி.எப். கடிதம் கரைந்து போயிற்று. படம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் போன படங்களில் ஒன்று. அவர் இப்போது புதுசாகக் கடிதம் எடுக்க பஸ்சுக்குக் காசு செலவழித்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எனக்குத்தான் முகம் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே கணனியைத் திருத்தக் கொடுக்கும்போது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். இந்தப் பெட்டியில் ரெண்டு ஸ்குரூவும் ரெண்டு பிளக்கும்தான். கிளம்பாத நோய்க்கு டிஸ்க் இல்லாமலே சோதிக்கலாம். டிஸ்க் இல்லாவிட்டாலும் விசிறி சுற்றும், ஸ்கிரீனில் டிஸ்க் இல்லை என்று எழுத்து வரும், அதுவே கிளம்பியதற்கு அத்தாட்சி. அது வேண்டும் என்று கடையில் சொன்னால், "அழிக்கக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எந்த நேரத்தில் மக்கர் பண்ணுது, எத்தனை தரம் அமுக்கினால் கிளம்புது, பிளக் ராத்திரி போட்டிருந்ததா பிடுங்கியிருந்ததா என்பதையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டியோடு கொடுத்தனுப்புங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் துண்டு மீட்டரைவிட உதவும். இந்தத் தாத்தா சொன்ன ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் இன்னும் மின்னலைத் துரத்திக்கொண்டிருப்பேன்.

படங்களை இனிமேல் ரெண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை இங்கேயும் ஒன்றைப் பிள்ளைக் காம்பரா அலுமாரியிலும் பூட்டி வைப்பதாகச் செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். போன படங்களை இன்றைக்கே திரும்ப எடுக்கத் தொடங்கலாம் என்று கெமரா உள்ள போன் ரெண்டு கொண்டு வந்திருக்கிறேன். கடதாசி கையில் உள்ளவர்கள் அந்த மேசைப் பக்கம் வாருங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் போய் எடுத்து வாருங்கள். எனக்கு ஐந்தரை பஸ்தான், இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வாருங்கள், வெளியே தூறுகிறது.